எசேக்கியேலின் ஆறாவது பாட்டு

அத்தியாயம் 5

“செத்துப் போன அமெரிக்காக்காரன் பாட்டைத் திருடி நான் என்ன மேடம் செய்யப் போறேன்? கோயில் கொடைத் திருவிழாவுல போட்டா கல்லைக் கொண்டு எறிவாங்க!”

கூம்பு ஸ்பீக்கர் ஒன்றைத் தோளில் சுமந்தபடியே கல்பனா கத்தினாள். ஆண்டாள் தேரோட்டம் முடிந்த மறுநாள் காலை. ரத வீதியில் கட்டிய ஸ்பீக்கர்களைக் கழற்றி எடுத்துவந்து கடைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மொத்தமும் வடம் இழுத்த கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்துக் கிடக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் அவள் கடை வாசலில் போய் நின்றோம்.

நாங்கள் என்றால் பத்மாசனி மேடமும் நானும். மேடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். தானே தீ வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுத பஞ்சுக் குடோன் முதலாளிகளை வகைவகையாகப் பார்த்தவர். ரிடையர் ஆன பிறகு வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் தொடங்கினார். போர்டில் அவர் பெயர் பெரிதாக இருக்கும், என் பெயர் இருக்காது. நான் மாரிச்சாமி. ஸ்கூட்டர் ஓட்டுவதும் ஆட்களைச் சந்தேகப்படுவதும் என் டிபார்ட்மெண்ட். அன்றைக்கு நான் முழுமூச்சாகச் சந்தேகப்பட்டது கல்பனாவைத்தான்.

விஷயம் இதுதான். ராஜபாளையத்தில் தனுஷ்கோடி என்று ஒரு பேண்டேஜ் துணி மில் முதலாளி. அவருடைய அப்பா உலகப் போர் சமயத்தில் பட்டாளத்தில் அஸ்ஸாம் பக்கம் இருந்தார். அங்கே காட்டுக்குள் ரோடு போட வந்திருந்த கறுப்பின அமெரிக்கச் சிப்பாய் ஒருவன், ஒரு டப்பா மூக்குப்பொடிக்குப் பதிலாக ஒரு கிராமபோன் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனானாம். அந்தத் தட்டு இத்தனை காலமும் ராஜபாளையம் வீட்டு டிரங்குப் பெட்டியில், கம்பளிக்குள் தூங்கியது. போன மாதம் மூத்த மகன் முத்துராமலிங்கம் அதை எடுத்து, லேபிளில் இருந்த பெயரை இன்டர்நெட்டில் தேடியிருக்கிறார். அவர் ரிடையர்டு சுபேதார், கோயம்புத்தூர்வாசி. தேடிப் பார்த்தவர் ஆடிப்போய்விட்டார்.

பாடியவன் பெயர் எசேக்கியேல் டாப்ஸ். எனக்கு ஏதோ பாளையங்கோட்டை வாத்தியார் பெயர் மாதிரிதான் பட்டது. ஆனால் ஆள் மிசிசிப்பியில் பருத்தி எடுத்தவன். பருத்தி அரைக்கிற மிஷினில் இடது கையில் இரண்டு விரலைக் கொடுத்தவன். மிச்ச விரலில் கத்தியைப் பிடித்து, கிதார் கம்பி மேல் வழுக்கி வழுக்கி வாசிப்பானாம். கிராமபோன் தட்டும் போட்டு விற்ற ஒரு மேஜை நாற்காலிக் கம்பெனிக்காரன் அவனை ரயிலேற்றிக் கூட்டிப்போய், ஒரே நாளில் ஆறு பாட்டுப் பாட வைத்து, மூன்று தட்டாகப் போட்டான். அதோடு கம்பெனி திவால். எசேக்கியேல் சலவைக்கடையில் துணி தேய்த்தே செத்துப்போனான். இரண்டு தட்டு கிடைத்துவிட்டது. மூன்றாவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதில்தான் ஆறாவது பாட்டு. கைக்குழந்தையாக விட்டுவந்த மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பாட்டு என்று அவன் குடும்பத்தில் சொல்வார்களாம். அந்த மகளின் மகள் சிகாகோவில் இருக்கிறார். தாத்தா குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்று தேடிக்கொண்டிருக்கிறார். சுபேதார் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

“ப்ளூஸ்னா என்ன மேடம்?” என்று வழியிலேயே கேட்டு வைத்திருந்தேன்.

“ஒப்பாரிக்கும் தெம்மாங்குக்கும் நடுவுல ஒண்ணு. பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டு.”

தம்பி தனுஷ்கோடியிடம் சுபேதார் போனில் உத்தரவு போட்டிருந்தார். தட்டு ஓடுகிறதா என்று ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டி வைக்க வேண்டும், தான் வரும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. பழைய ரெக்கார்டு பிளேயர் இந்த வட்டாரத்தில் கல்பனா சவுண்ட் சர்வீஸில்தான் உண்டு. தேருக்கு முந்தின நாள் அவள் அதை ராஜபாளையத்துக்குக் கொண்டுபோய்ப் பாட்டைப் போட்டாள். பாட்டு வெளியே போய்விடக்கூடாது என்று எல்லார் போனையும் அணைக்கச் சொல்லியிருக்கிறார் தனுஷ்கோடி. தேரன்றைக்கு மத்தியானம் பிளேயரைத் திரும்ப எடுத்துப்போக அவள் மறுபடி வந்தாள். சாயங்காலம் தட்டைக் காணோம்.

தனுஷ்கோடி அவள் பெயரைப் போட்டே போலீஸில் மனுக் கொடுத்துவிட்டார். இரண்டு தரப்பும் தெரிந்த குடும்பம் என்பதால் இன்ஸ்பெக்டர் இன்று சாயங்காலம்வரை அவகாசம் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு எப்.ஐ.ஆர். சுபேதார் எங்களைக் கூப்பிட்டது அந்த இடைவெளியில்தான்.

இதில் கல்பனாவுக்கு என்ன என்று கேட்டால், எல்லாமே அவளுக்குத்தான். கான்ஸ்டபிள் பரீட்சை எழுதி, ஓடி, கயிறு ஏறி, செலக்ட் ஆகியிருந்தாள். போலீஸ் வெரிபிகேஷன் இந்த வாரம். எப்.ஐ.ஆரில் பெயர் ஏறினால் காக்கிச்சட்டை கனவோடு சரி.

“தேரன்னைக்கு ஊரே உன் மைக்கை நம்பி இருந்தது. அதை விட்டுட்டு ராஜபாளையம் ஏன் போனே?” மேடம் ஆரம்பித்தார்.

“அவியதான் போன் போட்டாக. உடனே வந்து உன் மிஷினைத் தூக்கிட்டுப் போ, வீட்டுல இடைஞ்சலா இருக்குன்னாக. போனேன். வாசல்லயே வச்சிருந்தாக. உள்ளகூடப் போகல.”

“நீயா வந்தேன்னு தனுஷ்கோடி மனுவுல எழுதியிருக்காரே.”

“பொய் சொல்லுதாக.”

நான் குறுக்கே புகுந்தேன். “அவரு கூப்பிட்டது உன் போன்ல இருக்கும்ல? எடு, பாப்போம்.”

அவள் கை சட்டென்று போன் இருந்த பாக்கெட் மேல் போயிற்று. “போனை மட்டும் கேக்காதீக.”

“ஏன்?”

“தர மாட்டேன். கையில குடுத்தா எல்லாத்தையும் நோண்டுவீக. ஸ்டேஷன்ல கேக்கட்டும், அங்க பாத்துக்கிடுதேன்.”

நான் மேடத்தைப் பார்த்தேன். பார்வையிலேயே ‘அவ்வளவுதான், முடிந்தது’ என்று சொன்னேன். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி போனில் இருக்க, அதைக் காட்டமாட்டேன் என்கிறவள், அதைவிட மோசமான ஏதோ ஒன்றை அதே போனில் வைத்திருக்க வேண்டும். வாங்குகிறவனின் நம்பரோ, தட்டின் போட்டோவோ. மேடம் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. மூலையில் இருந்த ரெக்கார்டு பிளேயரைத் திறந்து, குனிந்து முள்ளைப் பார்த்தார். முள் நுனியில் கறுப்பாக, பிசின் மாதிரி ஏதோ கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார்.

“இது எப்போ ஆச்சு?”

“தெரியல மேடம். நான் குடுத்தப்ப முள்ளு சுத்தமா இருந்துச்சு. எடுத்துட்டு வந்து பாத்தா இப்படி இருக்கு. யாரோ கையை வச்சிருக்காக.”

“பழைய தட்டு ஒண்ணு இருந்தா குடு. உடைஞ்சதுன்னாலும் பரவாயில்லை. சாயங்காலம் தந்துடறேன்.”

விளிம்பு சில்லுப் பெயர்ந்த ஒரு தட்டைத் தூசியோடு எடுத்துக் கொடுத்தாள் கல்பனா. மேடம் அதைத் துண்டில் சுற்றி, பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

“பொண்ணு எப்படி மேடம்? பச்சைக் களவாணி!” என்றேன், ஊர் எல்லை தாண்டியதும்.

“நீ மோந்து பாத்தியா?”

“அவளையா?”

“முள்ளை! புதுக் கதவு வாசனை அடிச்சுது. ஆசாரி பாலிஷ் போட்ட மறுநாள் கதவுகிட்ட நின்னா அடிக்குமே, அது.”

கல்பனா கடையில் மரக்கதவே இல்லை, ஷட்டர்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது சந்தேகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். அதையே செய்தேன்.

தனுஷ்கோடி வீட்டு வாசலில் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய் கட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்த பார்வையிலேயே என் வேலையை அது எனக்கு முன்னால் செய்துகொண்டிருந்தது தெரிந்தது. உள்ளே சுபேதார் முத்துராமலிங்கம் வந்து இறங்கியிருந்தார். நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு. நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். தம்பி அண்ணன் எதிரே உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் வயது அறுபது இருக்கும். தலையும் மீசையும் அவர் மில் பஞ்சு நிறம்.

“வாங்க, செத்த பொறுங்க” என்று சொல்லி, தனுஷ்கோடி ஒரு சுருள் பேண்டேஜ் துணியைக் கிழித்து, பாட்டிலில் இருந்த ஸ்பிரிட்டை அதில் நனைத்து, நாங்கள் உட்காரும் நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தார். அப்புறம் மேஜையைத் துடைத்தார். அப்புறம் தன் கண்ணாடியை. போன் அடித்தது, பேசி முடித்து அதையும் துடைத்தார்.

“தொழில் அப்படிம்மா. ஆஸ்பத்திரிக்குப் போற சரக்கு. கைப் பழக்கம், வீட்டுலயும் வந்துருச்சு. சாமி படத்தைக்கூட இதைப் போட்டுத்தான் துடைப்பேன்” என்று சிரித்தார்.

என்னையும் துடைத்துவிடுவாரோ என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“தட்டைக் கடைசியா எப்போ பாத்தேள்?” என்றார் மேடம்.

“அந்தப் பிள்ளை போட்டுக் காட்டினதோட சரி. பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். தேரன்னைக்குப் பொம்பளையாளுக எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டாக. நான் ஒத்தையில இருந்தேன். அவ வந்தா. நான் குளிக்கப் போன நேரம் பாத்துத் தூக்கிட்டா.”

“நீங்க தட்டைக் கையில எடுத்துப் பாக்கவே இல்லையா?”

“எனக்கு அந்தத் தட்டைப் பத்தி என்னம்மா தெரியும்? வட்டமா இருந்துச்சு, கறுப்பா இருந்துச்சு. அம்புட்டுத்தான்.”

“உங்க விரல்ல என்ன, கறுப்பா?”

தனுஷ்கோடி விரல்களை மடக்கிக்கொண்டார். “இதுவா... ஹேர் டை.”

நான் அவர் தலையைப் பார்த்தேன். மேடமும் பார்த்தார். வெளியே நாய்கூட ஒரு தடவை குரைத்தது.

“இல்ல, தறி கிரீஸு. நேத்து மில்லுல...”

“தேருக்காக மில்லுக்கு மூணு நாள் லீவு விட்டோம்னியேலே?” இது சுபேதார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை இதுதானோ என்னவோ, தனுஷ்கோடி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“லீவுதான் அண்ணே. நான் சும்மா போய் மிஷினைப் பாத்தேன்.”

மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார், பீரோ பக்கம் போனார், திரும்பி வந்தார். “வீட்டுல பாலிஷ் வேலை ஏதும் நடந்துதா? நல்ல வாசனை.”

“இல்லையேம்மா” என்றார் தனுஷ்கோடி வெள்ளந்தியாக. சுற்றிப் பார்த்தேன். பீரோ இரும்பு. நாற்காலி பிளாஸ்டிக் வயர். கதவுக்கெல்லாம் பெயிண்ட். ஆனால் மேடம் சொன்ன பிறகு எனக்கும் அடித்தது, அந்தப் புதுக்கதவு வாசனை. முதல் தடவையாக என் சந்தேகம் கல்பனாவை விட்டு இறங்கி, வேறு எங்கே ஏறுவது என்று தெரியாமல் நின்றது.

மேடம் துண்டைப் பிரித்து, கல்பனா கொடுத்த தட்டை மேஜையில் வைத்தார். “உங்க அப்பாவோட தட்டு இதே சைஸ்தானா? அழுக்குல ஒண்ணுமே தெரியலை. அந்த பாட்டிலை இப்படித் தாங்கோ.”

கேட்டாரே தவிர, கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை. தானே பாட்டிலை எடுத்தார். பேண்டேஜ் துணியில் ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றினார். தட்டின் மேல் வைத்து அழுத்தப் போனார்.

“ஐயோ, வேண்டாம்!”

தனுஷ்கோடி பாய்ந்து வந்து மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “ஸ்பிரிட் போடாதீகம்மா! கரைஞ்சிரும்! பிசுபிசுன்னு போயிரும்!”

மேடம் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அப்படியே நின்றபடி அவரைப் பார்த்தார். “நாற்காலிக்கு ஸ்பிரிட், கண்ணாடிக்கு ஸ்பிரிட், சாமிக்கே ஸ்பிரிட். இதுக்கு மட்டும் ஆகாதா?”

“அது... கேள்விப்பட்டேன்...”

“வட்டமா இருக்கும், கறுப்பா இருக்கும், அம்புட்டுத்தான் தெரியும்னேளே. யார்கிட்ட கேள்விப்பட்டேள்?”

அவர் பிடியை விட்டுவிட்டு, ஏற்கெனவே துடைத்த மேஜையை ஒரு பேண்டேஜ் துணியால் மறுபடி துடைத்தார்.

“நான் சொல்லட்டுமா?” என்றார் மேடம். “அந்தக் காலத்துத் தட்டெல்லாம் அரக்குல பண்ணினது. ஆசாரி கதவுக்குப் பாலிஷ் எப்படிக் காய்ச்சறான்? அரக்கை ஸ்பிரிட்ல கரைக்கறான். நீங்க மேஜையிலேயே காய்ச்சிட்டேள். பாட்டு கரகரன்னு இருந்துது, துடைச்சா நன்னா இருக்கும்னு நினைச்சேள். நல்ல எண்ணம்தான். துடைச்சு, பிளேயர்ல போட்டுப் பாத்தேள், முள்ளுல அப்பிண்டுது. பயந்துபோய், பிளேயரைத் தூக்கிண்டு போன்னு அவளைக் கூப்பிட்டேள். அவ வந்துட்டுப் போனது உங்களுக்கு வசதியாப் போச்சு.”

“அண்ணே, இந்தம்மா என்னென்னமோ...”

“ஏலே தனுஷ்கோடி.” சுபேதார் எழுந்தார். சத்தம் போடவில்லை. “என் கண்ணைப் பாத்துச் சொல்லு.”

அறுபது வயது மில் முதலாளி, இத்தனை தறிக்குச் சொந்தக்காரர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் உள்ளே போனார். துவைக்கிற மிஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு பேண்டேஜ் பொட்டலத்தை எடுத்து வந்து அண்ணன் காலடியில் வைத்தார். பிரித்தோம். துணியோடு ஒட்டிப்போய், பள்ளமெல்லாம் இழைந்து வழவழத்துப்போன ஒரு கறுப்பு வட்டம். நடுவில் லேபிளில் சிவப்பு மை கசிந்து, எசேக்கியேலின் பெயர் பாதி மட்டும் மிச்சமிருந்தது.

“நீ தொடாதேன்னு சொன்னே. நான் தொட்டுட்டேன்” என்று அழுதார் தனுஷ்கோடி. “அப்பா கொண்டாந்த சாமான். உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? களவு போச்சுன்னா உனக்கு என் மேல கோவம் வராதுன்னு...”

“அதுக்கு ஒரு பிள்ளை தலையிலயா கல்லைப் போடுவே?”

சுபேதார் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த பாதிப் பெயரை விரலால் தடவினார். சிகாகோவில் ஓர் அம்மா காத்திருக்கிறாரே, அவருக்கு என்ன சொல்வது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆறாவது பாட்டு இருந்த ஒரே தட்டும் இப்படிப் போய்விட்டது. கேஸில் ஜெயித்துவிட்டோம், ஆனால் மேடம் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

நாங்கள் நாலு பேரும் ஸ்டேஷனுக்குப் போனபோது, விசாரணைக்கு வரச் சொல்லியிருந்ததால் கல்பனா முன்கூட்டியே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். போன் இருந்த பாக்கெட்டை இன்னும் பொத்திப் பிடித்திருந்தாள். தனுஷ்கோடி அவளைத் தாண்டி இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனார். சுபேதார் கதவோரம் நின்றார். உள்ளே பேசியது பெஞ்ச் வரைக்கும் நன்றாகவே கேட்டது.

“களவு போகல சார். நான்தான் கெடுத்துட்டேன். அந்தப் பிள்ளை மேல பொய்யா எழுதிட்டேன். மனுவைத் திருப்பி வாங்கிக்கிடுதேன்.”

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பிடி பிடித்தார். அது நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக நான் ஜன்னலோரம் நகர்ந்துகொண்டேன். எழுத வேண்டியதை எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த தனுஷ்கோடி, கல்பனா முன்னால் வந்து கையைக் கூப்பினார். அவள் மேடத்தைத்தான் பார்த்தாள்.

“என் பேர் எதிலயும் இல்லல்ல மேடம்?”

“எதிலேயும் இல்லை. நானே பாத்துட்டேன்.”

அவள் ஒரு பெரிய மூச்சு விட்டாள். அப்புறம்தான் போனை வெளியே எடுத்தாள். எதையோ தேடி, அழுத்தி, சுபேதார் கையில் கொடுத்தாள்.

முதலில் கரகரவென்று வறுக்கிற சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு கிதார் எழும்பியது. கம்பியின் மேல் ஏதோ வழுக்கிக்கொண்டே போய், அழப்போகிற குழந்தைபோல ஒரு இடத்தில் நின்றது. அப்புறம் ஒரு ஆண் குரல். வார்த்தை ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை. ஒரே ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறான் என்பது மட்டும் புரிந்தது. பதிவின் நடுவில் எங்கேயோ தனுஷ்கோடி வீட்டு நாய் குரைத்தது. பாட்டு கடைசிவரை முழுசாக இருந்தது. ஸ்டேஷன் வாசலில் நாங்கள் ஐந்து பேரும் போனைச் சுற்றி நெருங்கி நின்றோம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை.

“போனை அணைக்கச் சொன்னாக. நான் அணைக்கல” என்றாள் கல்பனா. “முதல் வரியிலேயே எனக்கு என்னமோ பண்ணிருச்சு. வரவே மாட்டாத ஆளை எம்புட்டு நேரம் கூப்பிடுதான் பாருங்க. இதை விட்டுறக்கூடாதுன்னு தோணுச்சு.”

சுபேதார் அவள் பக்கம் திரும்பினார். “இம்புட்டு நேரமும் இது உங்கிட்டத்தான் இருந்துச்சா? காலையிலயே காட்டியிருந்தா நான் அப்பவே மனுவை வாபஸ் வாங்க வச்சிருப்பேனேம்மா. எதுக்கு இந்தப் பாடு?”

“வாங்க வச்சிருப்பீக. பாட்டு கிடைச்சிருச்சு, போகட்டும், களவாணியை மன்னிச்சு விட்டுருவோம்னு விட்டிருப்பீக. நான் எதையும் களவாங்கல. மன்னிச்சு விட்ட ஆளா போய் யூனிபார்ம் போட எனக்கு இஷ்டம் இல்ல.”

தனுஷ்கோடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சுபேதார் போனை இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றார். அது தானாகவே மறுபடி முதலிலிருந்து பாட ஆரம்பித்தது. ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.